ஒரு விரல் நிலம்

சோளகம் என்று தீவார் சொல்லும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஆலாத்தீவில் காகங்கள் பின்பக்கமாகத்தான் பறக்கும். தெற்கே போக நினைத்துக் கிளம்பிய காகம் வடக்கே போய் இறங்கும். இறங்கிய இடமே தான் நினைத்த இடம் என்று அங்கேயே கூடும் கட்டிவிடும். தீவின் ஆட்களும் ஏறக்குறைய அப்படித்தான் போனார்கள். நல்லூரில் தேர் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வள்ளம் ஏறியவர்களில் பாதிப்பேர் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இறங்கினார்கள். தேர் இருப்பிடத்துக்கு வந்து நாற்பது வருஷமாகியும் அவர்கள் திரும்பவில்லை.

மண் காற்றைவிட மோசம். கரையில் ஒதுங்கும் சாதாழை என்ற கடற்புல்லை மூன்று மாரிக்குப் புதைத்துப் பதப்படுத்திய மண் அது. யாராவது சாரத்தை இறுக்கிக் கட்டுவதற்காகக் கைப்பொல்லை நிலத்தில் ஊன்றி வைத்தால், கட்டி முடித்து நிமிர்வதற்குள் பொல்லு துளிர்த்துவிடும். இதனால் பொல்லுப் பிடித்து நடப்பவர்கள் அந்தத் தீவில் ஒரே இடத்தில் கனநேரம் நிற்பதில்லை.

இந்த இரண்டிலும் சந்தேகம் உள்ளவர்கள் துவாரகனைக் கேட்கலாம். கேட்பதற்கு ஆலாத்தீவில் இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

துவாரகனுக்கு வயது எழுபத்தொன்பது. அவர் பிறந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அப்படியான பெயர்கள்தான். நிரோஜன், கஜீபன், கிருஷாந் என்று கூப்பிட்டால் இப்போது பொக்கைவாய்க் கிழவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய மனைவி காலமாகிப் பதினான்கு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஆனால் தான் தனியாக இருப்பதாக அந்தச் செவ்வாய்க்கிழமைவரை அவர் நினைத்ததே கிடையாது. காரணம், நண்டுகள்.

போனவர்களுக்குப் போன இடத்தில் ஒரு வருத்தம் வந்தது. நகத்துக்குள் மண் இல்லாமல் நித்திரை வராத வருத்தம். எந்த வைத்தியரும் அதற்கு மருந்து எழுதவில்லை. கடைசியில் யாரோ ஒரு பொறியியலாளர் கன்றுக்குட்டி அளவில் ஒரு யந்திரம் செய்தார். ஆறு கால், இரண்டு கை, முன்னால் ஒரு கண், முதுகில் பேசுவதற்கு ஒரு துவாரம். ஒஸ்லோவில் ஒருவர் கையுறையை மாட்டிக்கொண்டு வெறும் காற்றைக் கிள்ளினால், ஆலாத்தீவில் யந்திரத்தின் கை கத்தரிக் கன்றின் பழுத்த இலையைக் கிள்ளும். மண்ணின் ஈரம், முள் குத்தும் சுருக், எல்லாம் அங்கே அந்தக் கைக்குத் தெரியும். பக்கவாட்டில் நடந்ததால் அதற்கு நண்டு என்று பெயர் வந்தது.

அப்படிப் பதினொரு நண்டும் ஒரு துவாரகனும் சேர்ந்ததுதான் ஆலாத்தீவு இயற்கைத் தோட்டச் சங்கம். பன்னிரண்டு துண்டுக் காணி. கத்தரி, மிளகாய், பயிற்றை, பூசணி. உப்பேறிய கிணறுகளுக்குப் பதிலாகக் கடல்நீரை நன்னீராக்கும் யந்திரம் ஒன்றைத் தீவு அலுவலகம் கொடுத்திருந்தது. மருந்து அடிப்பதில்லை. சாதாழையும் பூவரசங்குழையும் இரண்டு கிழட்டு மாடுகளின் சாணமும்தான் பசளை. செவ்வாய்தோறும் வள்ளத்தில் காய்கறி பெருநிலத்துக் கரைக்குப் போகும். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியானம் சாப்பிடுவார்கள். சங்கத்தில் துவாரகன் ஒருவர்தான் உடம்போடு வேலை செய்யும் உறுப்பினர். மற்றவர்கள் கையோடு மட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வள்ளத்தில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். காற்சட்டை, தோளில் பை, காலில் பட்டணத்துச் செருப்பு. தீவு அலுவலகத்து அதிகாரி. பெயர் அன்னப்பிள்ளை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய பெயர் வைப்பதுதான் நாகரிகம்.

"ஐயா, சங்கத்து ஆக்களை எண்ண வந்தனான்," என்றாள்.

"எண்ணும் பிள்ளை. பன்னிரண்டு. கையில விரல் காணாது, என்ர ரெண்டு விரலையும் சேர்த்துக்கொள்ளும்."

அவள் சிரிக்கவில்லை. பாத்தி வரம்பில் பையை வைத்துவிட்டு, பக்கத்துத் துண்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த நண்டைப் பார்த்தாள்.

"கையுறையைக் கழட்டி வைச்சாலும் நண்டு நிக்காது. தெரியும்தானே?"

"ஓம். அவை நித்திரை கொள்ளேக்க, நேற்றுச் செய்ததைத் தானாச் செய்யும். கைப்பழக்கம் எண்டு சொல்லுறது. அது வேணுமெண்டு கையெழுத்து வைச்சதே நான்தான்."

"பேச்சும் பழகும்."

"பழகட்டுமே."

"அடுத்த நாள் ஆள் கையுறை போடேல்லையெண்டா?"

"அடுத்த நாளும் தானாச் செய்யும்."

"அதுக்கடுத்த நாள்?"

துவாரகன் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்த்திருக்கவில்லை.

அன்னப்பிள்ளை ஒரு பட்டியலை எடுத்தாள். ஒவ்வொரு நாட்டிலும் இறந்தவர்களைப் பதிகிற புத்தகங்களை இப்போதுதான் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்களாம். "கிருஷாந், ரொறன்ரோ. செத்து ஆறு வருஷம்."

"ஆறு வருஷமோ? நேற்று என்னோட கதைச்சவன்."

"என்ன கதைச்சவர்?"

"தான் வளர்த்த பூசணிக்காயின்ர கதை."

"முந்தநாள்?"

துவாரகன் யோசித்தார். "அதுவும் பூசணிக்காய்தான்."

"நிரோஜன், பாரிஸ். மூண்டு வருஷம். கஜீபன், லண்டன். நாலரை." அவள் வாசித்துக்கொண்டே போனாள். பத்துப் பெயர். வாசிக்க வாசிக்கத் தோட்டத்தில் அந்தந்த நண்டு தன் பாட்டில் வேலை செய்தது. தன் பெயர் கேட்டதும் நிரோஜனின் நண்டு நிமிர்ந்து, "என்ன மச்சான், கூப்பிட்டனியோ?" என்று கேட்டுவிட்டுக் குனிந்தது.

"பிள்ளையள் ஏன் சொல்லேல்லை? ஒரு பிள்ளைகூடவா?" என்றார் துவாரகன்.

"நான் நாலு பேரோட கதைச்சனான். கிருஷாந்தின்ர மகள் சொன்னா, கையுறை அப்பாவின்ர மேசையில கிடக்குதாம். அதில ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் எரியும். எரியுமட்டும் அப்பா தோட்டத்தில நிக்கிறார் எண்டு வீட்டில நினைச்சுக்கொள்ளுவினமாம். கழட்ட மனம் வரேல்லையாம்." பட்டியலை மடித்தாள். "உங்களோட கதைக்க ஒரு ஆள் இருக்கட்டும் எண்டும் நினைச்சவையாம்."

செத்தவர்களோடு பேசிக்கொண்டிருந்ததைவிட, அதை ஆறு வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் துவாரகனைச் சுட்டது. ஆனால் கண்டுபிடிப்பது எப்படி? கிருஷாந் உயிரோடு இருந்தபோதும் அதே கதையைத்தான் சொன்னான்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"ஆள் இல்லாத நண்டை நிப்பாட்ட வேணும். சட்டம். சங்கமெண்டா உயிரோட ரெண்டு பேராவது இருக்க வேணும், ஐயா. ஒருத்தர் மட்டுமெண்டா அது சங்கம் இல்லை. தண்ணி யந்திரத்தைக் கழட்டுவினம். வள்ளம் வராது. உங்களைக் கரையில முதியோர் இல்லத்தில..."

"எத்தினை பேர் செத்தது?"

"பத்து."

"பதினொரு நண்டு நிக்குது பிள்ளை."

"பதினோராவதுதான் எனக்குத் தெரியேல்லை," என்றாள் அவள்.

பதினோராவது தர்சிகா. துவாரகனின் காணிக்கு வேலிப்பக்கத்துக் காணி. முதலாம் வகுப்பில் துவாரகனின் கொப்பியில் மை ஊற்றியவள். நோர்வேயின் வடக்கு முனையில், வருஷத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டியும் பார்க்காத ஓர் ஊரில் இருந்தாள். இறப்புப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. வீடு மாறியிருக்கிறாள், போன விலாசம் இல்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. பிள்ளைகள் இருந்ததாகவும் தகவல் இல்லை. நண்டு மட்டும் நாள் தவறாமல் காலை ஐந்து மணிக்குக் கொட்டிலிலிருந்து வெளியே வந்து எட்டு மணிவரை வேலை செய்தது.

அன்னப்பிள்ளையிடம் ஒரு சோதனை இருந்தது. மூன்று கேள்வி. அதை மறுநாள் காலை கேட்கலாம் என்றாள். அன்று மத்தியானம் பத்து நண்டையும் நிறுத்தினாள். முதுகில் ஒரு சாவியைத் திருகினால் போதும். கால்களை மடித்துக்கொண்டு பாத்தியில் அமர்ந்துவிடும். கிருஷாந்தின் முறை வந்தபோது அது கதையின் நடுவில் நின்றது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பூசணிக்காயின் ஒரு பக்கத்தைத் தின்னத் தொடங்கிய ஆடு, தின்று தின்று உள்ளே போய்விட்டது. தாடி மட்டும் வெளியே தெரிகிறது. அந்த இடத்தில் துவாரகன் வழக்கம்போலச் சிரித்தார்.

"ஏன் ஐயா சிரிக்கிறியள்?"

"இந்த இடத்தில சிரிக்காட்டி அவன் திரும்ப முதல்ல இருந்து தொடங்குவான்."

சாவி திரும்பியது. நண்டு உட்கார்ந்தது. அன்னப்பிள்ளை அடுத்த துண்டுக்குப் போன பிறகும் துவாரகன் அங்கேயே நின்றார். ஆட்டை அப்படி நடுவில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மடிந்து கிடந்த நண்டுக்குப் பக்கத்தில் குந்தி, மீதியைத் தானே மெதுவாகச் சொன்னார். மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை பூசணிக்காயின் மற்றப் பக்கத்தால் ஆடு வெளியே வந்தது. பின்னால் இரண்டு குட்டி. சொல்லி முடித்ததும் யாராவது சிரிப்பார்கள் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்தார்.

பின்னேரம் சங்கக் கட்டிடத்து வாசலில் இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள். தோட்டம் அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது துவாரகனுக்கு ஞாபகத்தில் இல்லை. கத்தரிக்காய் பெருக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"உந்த மூண்டு கேள்வியில உயிர் இருக்கோ இல்லையோ எண்டு தெரிஞ்சிடுமோ?" என்று கேட்டார்.

"நிச்சயமாச் சொல்ல ஏலாது. ஆனா ஒரு விஷயம் இருக்கு. ஆள் இல்லாத நேரம் நண்டு காணி எல்லையைத் தாண்டாது. நில அளவைப் படம் அதுக்குள்ள இருக்கு. எல்லைக் கல்லோ கதியாலோ இடம் மாறியிருந்தா, திருப்பி அச்சாப் படத்தில உள்ள கோட்டில வைச்சுவிடும். கோட்டைத் தாண்டி அங்கால போறதெண்டா உயிருள்ள கை ஒண்டு கையுறைக்குள்ள இருக்க வேணும்."

"எங்கட ஆக்களைத் தெரிஞ்சுதான் செய்திருக்கினம்."

"செய்தவரும் எங்கட ஆள்தான்," என்றாள். பிறகு, "தாண்டாதெண்டு அவை சொல்லுகினம். கனகாலம் கையே வராட்டி, அது பக்கத்தில வேலை செய்யிற ஆளின்ர கையைப் பாத்தும் பழகுமாம். அப்ப என்ன செய்யுமெண்டு அவைக்கே வடிவாத் தெரியாது."

கதியால் என்பது வேலிக்கு நடும் உயிர்க்கொம்பு. கிளுவையிலோ பூவரசிலோ ஒரு கொம்பை வெட்டி நட்டால் அது வேர்விட்டு வேலியாகிவிடும். வடக்கில் மனிதர்கள் பக்கத்து வீட்டாரோடு பேசும் பாஷையும் அதுதான். பழைய கதியால் பட்டுப்போனால் புதியது நடவேண்டும். நடும்போது ஒரு விரல் அங்கால், பக்கத்துக் காணிக்குள், தள்ளி நடவேண்டும். ஒரு விரலுக்கு மேல் தள்ளினால் களவு. தள்ளாமலே விட்டால் உடம்புக்கு என்ன என்று அயலவர்கள் வந்து விசாரிப்பார்கள். தர்சிகா நண்டின் கையால் அந்தக் கலையில் பெரிய வித்தைக்காரியாக இருந்தாள். துவாரகனும் சளைத்தவரில்லை. வேலி இங்கேயும் அங்கேயுமாகப் போய்வந்து, ஒரு வருஷம் அதில் நின்ற பூவரசு இரண்டு காணியிலும் மாறி மாறிப் பூத்தது.

ஆனால் மூன்று வருஷமாகத் தர்சிகா வேலியில் கை வைக்கவில்லை; அவள் தள்ளாததால் அவரும் தள்ளவில்லை. வயது போகப் பண்பட்டுவிட்டாள் என்று துவாரகன் நினைத்திருந்தார். அன்று பின்னேரம் அந்தப் பண்பு அவரை இருக்கவிடவில்லை.

போன கிழமைதான் பட்டுப்போன ஏழு கதியாலை எடுத்துவிட்டு அவர் புதுக் கொம்பு நட்டிருந்தார். இன்னும் வேர்விடவில்லை. பொழுதுபடுவதற்குள் மண் தோண்டும் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போய் ஏழையும் பிடுங்கி, தர்சிகாவின் காணிக்குள் ஒரு முழுச் சாண் தள்ளி நட்டார். விரலல்ல, சாண். அவர் அப்பா காலத்தில் இதற்குக் கத்தி எடுத்திருப்பார்கள். உயிரோடு இருக்கிற தர்சிகாவாக இருந்தால் ஒன்றரைச் சாண் திருப்பித் தள்ளுவாள். தள்ளிவிட்டு அவருடைய பரம்பரையை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். துவாரகன் தன் பரம்பரையை நினைத்துக்கொண்டு, நிம்மதியில்லாமல், ஆனால் ஆசையோடு படுத்தார்.

காலை ஐந்து மணிக்கு அவர் வேலியடியில் நின்றார். நண்டு வந்தது.

"என்ன துவாரகன், பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வேலை இல்லையோ?" என்றது. தினமும் அது முதலில் சொல்வது அதுதான்.

"வேலை எல்லாம் முடிஞ்சுது. வேலியைப் பார்."

நண்டு வேலியைப் பார்த்தது. ஏழு கதியாலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. ஒவ்வொன்றாக நட்டது. மண்ணை அழுத்தியது. பிறகு மிளகாய்ப் பாத்திக்குப் போய்விட்டது. துவாரகன் முழங்காலில் இருந்து அளந்தார். கதியால்கள் பழைய இடத்தில் நின்றன. ஒரு மயிரிழைகூட இங்கால் இல்லை, அங்கால் இல்லை.

அவ்வளவு நேர்மையை அவர் தர்சிகாவிடம் ஒருநாளும் கண்டதில்லை.

அன்னப்பிள்ளை வந்து மூன்று கேள்வியையும் கேட்டாள்.

"அம்மா, உங்கட முழுப் பேர் என்ன?"

"வேலையா நிக்கிறன் பிள்ளை, பிறகு கதைப்பம்," என்றது நண்டு.

"இண்டைக்கு அங்க என்ன, பனியோ மழையோ?"

"எல்லாம் ஒண்டுதான்."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"உதைக் கேட்டு என்ன செய்யப் போறாய்?"

அவள் உதட்டைக் கடித்தாள். சரிபார்ப்பதற்காக அதே மூன்று கேள்வியைத் துவாரகனிடமும் கேட்டாள். முழுப்பெயர் உன்னுடைய கடதாசியில் இருக்கிறதே என்றார். மழை பெய்தால் நனைவோம் என்றார். காலைச் சாப்பாட்டைப் பற்றி, சாப்பிட்டது தெரிந்தால் சமைத்துத் தரப்போகிறாயா என்றார். சோதனையின் கணக்குப்படி துவாரகனும் தேறவில்லை.

"மத்தியானம் என்னை ஏத்த வள்ளம் வரும். அதுக்கு முதல் நான் எழுத வேணும்," என்றாள் அன்னப்பிள்ளை. குரலில் அலுவலகம் இல்லை. "உங்கட உடுப்புகளை அடுக்கி வையுங்கோ ஐயா. அவசரமில்லை."

அவள் சங்கக் கட்டிடத்துக்குப் போனாள். எட்டு மணிக்குத் தர்சிகாவின் நண்டு வேலையை முடித்துக்கொண்டு கொட்டில் வாசலில் போய் அமர்ந்தது. துவாரகன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அடுக்குவதற்கு நான்கு சாரம் இருந்தது. மாடுகளை யார் பார்ப்பது என்று யோசித்தார். தண்ணீர் இல்லாமல் பாத்தியில் உப்பு ஏற எத்தனை நாளாகும் என்று யோசித்தார். இல்லத்தில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருப்பார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வேலி இராது. அந்த நினைப்பில்தான் எழுந்தார். அலவாங்கு கதவோரத்தில் நின்றது.

ஆலாத்தீவு கடலிலிருந்து எழுந்த நாள் முதல் அதில் குடியிருந்த எவரும் செய்யாத காரியத்தைத் துவாரகன் அன்று ஒன்பது மணிக்குச் செய்தார். ஏழு கதியாலையும் பிடுங்கி, தன்னுடைய காணிக்குள், தன்னுடைய நிலம் குறையும்படி, ஒரு விரல் தள்ளி நட்டார். முதல் கொம்பை நட்டபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மூன்றாவதில் அப்பாவின் முகம் தெரிந்தது. ஏழாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நட்டார். கொட்டில் வாசலில் நண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் கண் திறந்துதான் இருந்தது.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

"பிள்ளை, ஒருக்கா வேலியை வந்து பாரும். தர்சிகா திரும்பவும் தன்ர வேலையைக் காட்டிப்போட்டாள். காணியைப் பறிச்சிட்டாள்."

அன்னப்பிள்ளை வந்தாள். குனிந்து பார்த்தாள். படத்தை விரித்து, ஒரு சின்னக் கருவியால் ஏழு இடத்திலும் அளந்தாள். பிறகு துவாரகனைப் பார்த்தாள். முகத்தையல்ல, நகங்களை. அலவாங்கின் நுனியில் காய்ந்தும் காயாமலும் இருந்த மண்ணையும் பார்த்தாள்.

"எங்கட வீட்டிலயும் அம்மாக்கும் பின்வளவு ஆக்களுக்கும் வேலிச் சண்டை. இருபத்தாறு வருஷம்," என்றாள்.

"ஆர் வெண்டது?"

"பின்வளவு ஆக்கள் வித்திட்டுப் போயிட்டினம். அம்மா ஒரு கிழமை சாப்பிடேல்லை." படத்தை மடித்தாள். "எனக்கொரு தேத்தண்ணி தருவியளோ ஐயா? இஞ்சி போட்டு. ஆறுதலாப் போடுங்கோ."

இஞ்சியைத் தோட்டத்தில் கிண்டி எடுத்து, கழுவி, இடித்து, தண்ணீர் கொதிக்க வைத்து அவர் திரும்பி வர அரைமணித்தியாலம் ஆனது. அன்னப்பிள்ளை சங்கக் கட்டிடத்து வாசலில் இருந்தாள். கை ஈரமாக இருந்தது. தேத்தண்ணி குடிக்கக் கழுவியிருக்கிறாள் என்று நினைத்தார். நெற்றியில் ஒரு துளி மண் ஒட்டியிருந்தது. சொன்னால் வெட்கப்படுவாள் என்று சொல்லாமல் விட்டார்.

வள்ளம் வந்தது. அவள் ஒரு கடதாசியை மடித்து அவர் கையில் வைத்தாள். "அடுத்த எண்ணிக்கை அஞ்சு வருஷத்தால. அதுவரைக்கும் சண்டையைக் கைவிட்டிடாதேங்கோ," என்றாள். வள்ளம் சோளகத்தில் கொஞ்சத் தூரம் பின்பக்கமாகப் போய், பிறகு முன்பக்கமாகப் போனது.

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துவாரகன் கடதாசியைப் படித்தார். உறுப்பினர் தர்சிகா, அயல் காணியின் எல்லையை நான்கு விரல் மீறியுள்ளார். உயிருடன் உள்ளார். சங்கம் தொடர்கிறது.

நான்கு விரல்?

அவர் நட்டது ஒரு விரல். வேலிக்கு அவர் ஓடினார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் ஓடினார். நான்கு விரல்தான். ஏழு கதியாலும் அவருடைய காணிக்குள் நான்கு விரல் வந்து நின்றன. ஒரு விரலோடு நின்றுவிடுகிற ஆளா தர்சிகா? அவர் நெஞ்சு அப்படி அடித்தது, கிளுவைக் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த கொம்பு மூன்றாவது. அதன் கணுக்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நுனி மண்ணுக்குள், அடி வானத்தில். யாரோ அதைத் தலைகீழாக நட்டிருந்தார்கள்.

தர்சிகா தலைகீழாக நடமாட்டாள். எந்த நண்டும் நடாது. தோட்டத்தில் பிறக்காத, பட்டணத்துச் செருப்புப் போட்ட, அவசரத்தில் மண்ணைத் தோண்டிய ஒரு கைதான் அப்படி நடும்.

துவாரகன் கனநேரம் அந்தக் கொம்போடு நின்றார். கரையில் வள்ளத்தின் சத்தம் முற்றாக அடங்கிவிட்டது. பிறகு வேலியடியில் பதிந்திருந்த செருப்புத் தடங்களைக் கையால் ஒவ்வொன்றாக மெழுகிவிட்டார். கொம்பைத் திருப்பி நடவில்லை. அந்த மண்ணில் தலைகீழாகவும் துளிர்க்கும். விடியக்காலை நண்டு எப்படியும் எல்லாவற்றையும் தன் கோட்டில் கொண்டுபோய் வைத்துவிடும். அதற்கென்ன, கடதாசி இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதும் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை அவர் வேலிக்குப் போகவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். சாணத்தை அள்ளினார். ஆறு மணியளவில்தான், வேறு வழி இல்லாத மாதிரி, அந்தப் பக்கம் நடந்தார்.

கதியால்களை நண்டு திருப்பி நட்டிருந்தது. ஒன்று, இரண்டு, கோட்டில். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, அச்சாகக் கோட்டில். மூன்றாவதை நேராக்கியிருந்தது. கணுக்கள் வானத்தைப் பார்த்தன. ஆனால் அந்த ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகி நின்றது.

துவாரகன் முழங்காலில் இருந்தார். வலக்கைச் சுட்டுவிரலை வைத்து அளந்தார். அவருடைய காணிக்குள் ஒரு விரல். விரல் வீங்கியிருக்கலாம் என்று இடக்கையால் அளந்தார். அதிலும் ஒரு விரல்.

அது நோர்வேயின் இருட்டில் ஒரு கிழவி எப்போதோ கழற்றி வைத்த கையுறையைத் தேடி எடுத்துத் தள்ளிய விரலாக இருக்கலாம். நேற்று ஒன்பது மணிக்கு ஒரு கிழவன் தன் காணியைத் தானே குறைத்ததைக் கொட்டில் வாசலிலிருந்து பார்த்துப் பழகிய விரலாகவும் இருக்கலாம். துவாரகன் இரண்டையும் நன்றாக யோசித்தார். யோசித்து, இரண்டாவதை மண்ணோடு சேர்த்துத் தட்டிவிட்டு எழுந்தார்.

"உதென்னடி வேலை?" என்றார் மிளகாய்ப் பாத்தியைப் பார்த்து. "எழுபது வருஷமா உனக்கு இந்தப் புத்தி போகேல்லையே?"

நண்டு நிமிர்ந்தது. கையிலிருந்த களையைக் கீழே வைத்தது.

"என்ன துவாரகன், பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வேலை இல்லையோ?"

"இருக்கு, இருக்கு. இரு வாறன்."

போய் அலவாங்கை எடுத்துவந்து, மூன்றாவது கதியாலைப் பிடுங்கி, அவளுடைய காணிக்குள் இரண்டு விரல் தள்ளி நட்டார். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். அடுத்த காலை ஐந்து மணிக்கு இன்னும் இருபத்திரண்டு மணித்தியாலம் இருந்தது. அதுவரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல், மடிந்து கிடந்த பத்து நண்டுகளின் பாத்திகளுக்கும் தண்ணீர் கட்டப் போனார்.